ஃபார்மேட் செய்தும் விண்டோஸ் ஏறவில்லையா?

பழைய ஹார்ட் டிஸ்க்கை ஃபார்மேட் செய்த பிறகும், எம்பிஆர் டேபிள் (டிஸ்க்கின் பிரிவுகளை, அதாவது பார்ட்டிஷன்களை, குறித்துவைக்கும் பழைய வகைப் பட்டியல்) இருக்கிறது என்று சொல்லி விண்டோஸ் இன்ஸ்டாலர் முரண்டு பிடித்தது. ஃபார்மேட் என்பது பார்ட்டிஷனுக்குள் இருப்பதைத்தான் துடைக்கும், டேபிளைத் தொடாது. யுஇஎஃப்ஐ-யில் (கணினியைத் தொடங்கிவைக்கும் புதிய வகை மென்பொருள்) பூட் ஆன இன்ஸ்டாலருக்கோ ஜிபிடி என்ற புதிய வகை டேபிள் வேண்டும்.

அதே திரையில் ஷிஃப்ட்+எஃப்10 அழுத்தி, கட்டளைகளைத் தட்டும் கறுப்புத் திரையைத் திறந்து, 'டிஸ்க்பார்ட்' என்று தட்டினேன். அடுத்து 'லிஸ்ட் டிஸ்க்'. இங்கே அவசரப்படக் கூடாது, இன்ஸ்டால் பென்டிரைவும் இதே பட்டியலில்தான் நிற்கும். அளவை வைத்து அடையாளம் காண வேண்டும். 500 ஜிபி டிஸ்க் 465 என்று காட்டும். என்னுடையது 0, அதனால் 'செலக்ட் டிஸ்க் 0', 'கிளீன்', 'கன்வெர்ட் ஜிபிடி'. கிளீன், "நிச்சயமா?" என்றெல்லாம் கேட்காமல் டிஸ்க் முழுவதையும் துடைக்கும், அதன் டி டிரைவில் வைத்த படங்களும் சேர்ந்தே போகும். இரண்டு டிஸ்க் இருந்தால், தொடங்கும் முன்பே மற்றதன் கேபிளைக் கழற்றிவிடுவது மேல்.

பிறகு கறுப்புத் திரையை மூடி, ரெஃப்ரெஷ் அழுத்தி, காலி இடத்தைத் தேர்ந்தெடுத்து நெக்ஸ்ட். பார்ட்டிஷன்களை இன்ஸ்டாலரே போட்டுக்கொள்ளும்.