பிள்ளைக்கு மருந்து புகட்டும் முன் பாட்டிலைப் படியுங்கள்

பாரசிட்டமால் சொட்டு மருந்தில் வழக்கமாக 1 மில்லிக்கு 100 மி.கி. இருக்கும். சிரப்பிலோ 5 மில்லிக்கு 125 அல்லது 250 மி.கி. தான். 125 சிரப்புக்குச் சொன்ன 5 மில்லியைச் சொட்டு மருந்தில் எடுத்தால் 500 மி.கி., அதாவது நான்கு மடங்கு உள்ளே போய்விடும். வீட்டில் நடக்கும் தவறுகளில் அதிகம் பயமுறுத்துவது இதுதான்.

ஒரு வேளை அளவு கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி. பத்து கிலோ பிள்ளைக்கு 150 மி.கி. என்றால் சொட்டு மருந்தில் 1.5 மில்லி, 250 சிரப்பில் 3 மில்லி, 125 சிரப்பில் 6 மில்லி. பாட்டில் மாறினால் மில்லியும் மாறும். மூன்று மாதம் நிறையாத பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் நீங்களாக மருந்து கொடுக்காமல் டாக்டரிடம் தூக்கிச் செல்லுங்கள்.

வீட்டுக் கரண்டி வேண்டாம். ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவு. ஊசி இல்லாத சிரிஞ்சு நல்லது. அதன் முனை மூடி கழன்று தொண்டையில் சிக்கலாம், முதலிலேயே எறிந்துவிடுங்கள்.

பிள்ளையை மடியில் நிமிர்த்தி வைத்து, சிரிஞ்சைக் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் விட்டு, அரை மில்லி அரை மில்லியாகச் செலுத்துங்கள். விழுங்கிய பிறகே அடுத்தது. மல்லாக்கப் படுக்கவைத்தோ, மூக்கைப் பொத்தியோ, வீறிட்டு அழும்போதோ ஊற்றினால் மருந்து மூச்சுக்குழலுக்குள் போகும்.

பொடியாக வரும் ஆன்டிபயாடிக்கை முதலில் தட்டி உதிர்த்து, கொதித்து ஆறிய தண்ணீரை, பாட்டிலில் போட்டிருக்கும் கோட்டுக்குக் கீழ்வரை விட்டுக் குலுக்குங்கள். நுரை அடங்கியபின் கோடுவரை நிரப்புங்கள். நுரையையே மட்டமென்று நம்பினால் தண்ணீர் குறைந்து மருந்து கடுத்துவிடும். ஒவ்வொரு வேளையும் குலுக்க வேண்டும். இல்லாவிட்டால் முதல் நாள்களில் வீரியம் குறைவாகவும் கடைசியில் கூடுதலாகவும் போகும். எத்தனை நாள் வைக்கலாம், ஃபிரிட்ஜில் வைக்கவேண்டுமா என்பது லேபிளில் இருக்கும்.

கசக்கிறதென்று தேனில் குழைப்பது நம் ஊர் வழக்கம். மார்த்தாண்டம் தேன் எவ்வளவு சுத்தமானாலும் ஒரு வயதுக்கு முன் கூடாது: தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி விதை குடலில் முளைத்து நரம்பை முடக்கும், வீட்டில் காய்ச்சினாலும் அது சாகாது. பால் பாட்டிலில் கலப்பதும் வேண்டாம். பாதிப் பாலை மிச்சம் வைத்தால் எவ்வளவு மருந்து போனதென்று தெரியாது.

கொடுத்ததும் வாந்தி எடுத்தால் உடனே மறுபடி புகட்டாதீர்கள். எத்தனை நிமிடத்தில் வந்தது என்று சொல்லி டாக்டரைக் கேளுங்கள். அளவு கூடிப்போனதாகத் தெரிந்தால், பிள்ளை விளையாடிக்கொண்டிருந்தாலும் காத்திருக்கக் கூடாது. பாரசிட்டமால் ஈரலைக் கெடுப்பது முதல் நாளில் வெளியே தெரியாது. 108-ஐ அழையுங்கள், அல்லது பாட்டிலைக் கையோடு எடுத்துக்கொண்டு ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ் போன்ற பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே கிளம்புங்கள்.