ஜான்சி ராணி ரெஜிமென்ட் பத்தி எழுதறப்ப தவிர்க்க வேண்டிய தவறுகள்

நேதாஜி பிறந்தநாள் ஜனவரி 23, ஆகஸ்ட் 15 வந்தா, ஐஎன்ஏவோட (நேதாஜி தலைமைல இருந்த இந்திய தேசிய ராணுவம்) பெண்கள் படையான ஜான்சி ராணி ரெஜிமென்ட் பத்தின மெசேஜ், அதுக்குத் தலைமை தாங்கின கேப்டன் லட்சுமி போட்டோவோட எல்லா குரூப்லயும் சுத்த ஆரம்பிச்சிடும். நம்ம மலேயா தமிழ்ப் பொண்ணுங்க நிறைய பேர் இருந்த படை அது, பேசறது ரொம்ப நல்ல விஷயம். ஆனா அவங்க செஞ்சதை விட்டுட்டு செய்யாததை எழுதறாங்களே, அதைத்தான் தாங்க முடியல.

முதல்ல மணிப்பூர்ல இருக்கற இம்பால். "ராணிகள் (இந்தப் படைப் பெண்களை அப்படித்தான் சொல்லுவாங்க) இம்பால்ல வெள்ளைக்காரனை விரட்டி அடிச்சாங்க"ன்னு எழுதாதீங்க. 1944 மார்ச்ல ஜப்பான் படையும் ஐஎன்ஏவும் சேர்ந்து இம்பால் தாக்குதலை ஆரம்பிச்சப்ப இவங்களையும் பர்மாவுக்குக் கூட்டிட்டுப் போனாங்க, ரங்கூன்லயும் மேமியோவுலயும் தயாரா இருந்தாங்க, ஆனா முன்வரிசைல இறக்கறதுக்குள்ள அந்தப் போரே தோல்வில முடிஞ்சு ஜூலைல பின்வாங்க வேண்டியதாப் போச்சு. துப்பாக்கி, பயோனெட், கையெறி குண்டு, மெஷின் கன் எல்லாத்துலயும் பயிற்சி எடுத்தவங்க அதுக்கப்புறம் மேமியோ ஆஸ்பத்திரில செஞ்சது காயம்பட்டு, மலேரியாவுலயும் வயித்துப்போக்குலயும் வந்து விழுந்த சிப்பாய்களைப் பாத்துக்கற வேலை. நர்ஸிங்குக்குன்னே தனியா சாந்த் பீபி பிரிவுன்னு ஒண்ணும் இருந்துச்சு. இதைக் கம்மியா நினைக்கறவங்கதான் கற்பனையா சண்டைக் காட்சி சேர்க்கறாங்க. 1945 ஏப்ரல் கடைசில ரங்கூனை விட்டுக் கிளம்பி, பகல்ல விமானத்துக்கு பயந்து ஒளிஞ்சு ராத்திரில மழைலயும் சேத்துலயும் பாங்காக் பக்கமா நடந்த அந்தப் பயணம் ஒண்ணு போதும், அவங்க யாருன்னு சொல்ல. நேதாஜியும் கூடவே நடந்தாரு. கேப்டன் லட்சுமி அந்த அணியில இல்ல, அவங்க பர்மாவுலயே பிரிட்டிஷ்காரங்க கிட்ட பிடிபட்டு 1946 மார்ச்லதான் இந்தியாவுக்கு வந்தாங்க, ஸோ அவங்களை அந்த நடைக்குள்ள கொண்டு வராதீங்க.

பேர் விஷயத்துலயும் குழப்பம். ரெஜிமென்ட் பேர் 1857 கிளர்ச்சில சண்டை போட்ட ஜான்சி ராணி லட்சுமிபாய் நினைவா வெச்சது, கேப்டன் லட்சுமி பேர்ல வெச்சது இல்ல. அதே மாதிரி "1943ல லட்சுமி சாகல் படையை ஆரம்பிச்சாங்க"ன்னு போடறதும் சரியில்ல, அப்ப அவங்க டாக்டர் லட்சுமி சுவாமிநாதன், மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ்ல படிச்சிட்டு 1940ல சிங்கப்பூர் போனவங்க. ஐஎன்ஏ அதிகாரி பிரேம் சாகலை கல்யாணம் பண்ணிக்கிட்டது 1947ல. அப்புறம் "உலகத்தோட முதல் பெண்கள் படை"ங்கறது வேண்டவே வேண்டாம், ரஷ்யாவுல 1917லயே பெண்கள் பட்டாலியன் இருந்துச்சு.

ஐஎன்ஏவை ஆரம்பிச்சதே நேதாஜின்னு எழுதறதும் வழக்கமான தப்பு. 1942 பிப்ரவரி 15 சிங்கப்பூர் விழுந்ததுக்கு அப்புறம் கேப்டன் மோகன் சிங் தலைமைல முதல்ல உருவாச்சு, ஜப்பான்காரங்களோட முட்டிக்கிட்டு அந்த வருஷக் கடைசிலயே அவரைக் கைது பண்ணிட்டாங்க. நேதாஜி வந்தது 1943 ஜூலை. பெண்கள் படை அவரு யோசனை, அது சரி. சிங்கப்பூர் வாட்டர்லூ தெருவுல கேம்ப் தொறந்தது 1943 அக்டோபர் 22, அதுக்கு முந்தின நாள்தான் கேத்தே கட்டடத்துல ஆசாத் ஹிந்த்ங்கற சுதந்திர இந்தியாவோட தற்காலிக அரசை அறிவிச்சாரு. எண்ணிக்கை மட்டும் அடிச்சு சொல்லாதீங்க, சில நூறுன்னு சொல்றவங்களும் இருக்காங்க 1500ன்னு சொல்றவங்களும் இருக்காங்க, 1000னு போட்டா முன்னாடி "கிட்டத்தட்ட"ன்னு ஒரு வார்த்தை சேருங்க.

எனக்கு ரொம்ப முக்கியமாப் படறது இது. இந்தப் பொண்ணுங்களை "இந்தியாவுல இருந்து போனவங்க"ன்னு எழுதிடறாங்க. நிறைய பேர் மலேயாவுலயே பொறந்து, இந்தியா எப்படி இருக்கும்னே பாக்காதவங்க! ரப்பர் தோட்டத்துல மரத்தைக் கீறிப் பால் எடுத்துட்டு இருந்த பொண்ணுங்களும் இருந்தாங்க, வசதியான வீட்டுல வளர்ந்த கோலாலம்பூர் ஜானகி தேவரும் இருந்தாங்க, எல்லாரும் ஹிந்துஸ்தானில கட்டளை கத்துக்கிட்டு ஒரே வரிசைல நின்னாங்க.

ஜப்பான் ஆக்கிரமிப்பை மறைச்சுட்டு இந்தக் கதையை சொல்லவும் கூடாது. கேம்ப் தொறந்த அதே அக்டோபர்லதான் ஜப்பான்காரங்க சயாம்ல (இப்ப தாய்லாந்து) இருந்து பர்மாவுக்குப் போட்ட மரண ரயில் பாதை முடிஞ்சுது, அதுல மலேயா தோட்டங்கள்ல இருந்து கொண்டு போன தமிழர்கள் ஆயிரக்கணக்குல செத்தாங்க. தோட்டத்துல வேலை இல்ல, அரிசி இல்ல, மரவள்ளிக்கிழங்கு தின்னு உயிர் வாழ்ந்த காலம். அப்படி ஒரு நேரத்துல ஒரு பொண்ணு படைல சேர்ந்தா தேசப்பற்று, பசி, பயம், வெளிய போகணும்ங்கற ஆசை எல்லாமே காரணமா இருந்திருக்கலாம், ஒண்ணை மட்டும் எடுத்து வெச்சுக்காதீங்க.

1945 ஆகஸ்ட்டோட கதையை நிறுத்தறதும் தப்புதான். ஜானகி 1946ல மலாயன் இந்தியன் காங்கிரஸ் கட்சி உருவானப்ப அதுல இருந்தாங்க, பின்னாடி மலேசியா செனட்டரும் ஆனாங்க. ஈப்போல இருந்து சேர்ந்த ரசம்மா பூபாலன் டீச்சராகி, பெண் ஆசிரியர்களுக்கு சம சம்பளம் கேட்டு போராடினாங்க. ஆனா தோட்டத்துக்கே திரும்பிப் போனவங்க பத்தி எழுத்துல ரொம்பக் கொஞ்சம்தான் இருக்கு. உங்க மலேசியா, சிங்கப்பூர் சொந்தத்துல யாராவது "எங்க பாட்டி நேதாஜி படைல இருந்தாங்க"ன்னு சொன்னா உடனே வீரக்கதையா மாத்திடாம எந்த எஸ்டேட், எந்த கேம்ப், யார் கூட சேர்ந்தாங்க, பர்மா வரைக்கும் போனாங்களா, திரும்பி வந்தப்ப வீட்டுல என்ன சொன்னாங்கன்னு கேட்டு, அவங்க சொன்ன வார்த்தையிலயே எழுதி வைங்க.