வால்பாறைக் காட்டுமாடும் தாராபுரத்துக் கொறங்காடும்: ஒரே பயணத்தில் படமெடுக்கும் முறை

கொங்கு நாட்டில் பாலைவனம் கிடையாது. ஆயினும் பங்குனி மாதத்தில் தாராபுரத்திலிருந்து மூலனூர் செல்லும் சாலையில் இருபுறமும் காய்ந்து கிடக்கும் கொறங்காட்டை, அதாவது வேலியடைத்த மேய்ச்சல் நிலத்தைப் பார்ப்பவருக்கு அந்தச் சொல் தானாகவே வாயில் வந்துவிடும். தென்மேற்குப் பருவமழையை மலை தடுத்துவிடுவதால் மழை மறைவில் வாடும் நிலம் இது. அதே மலைத்தொடரின் மேலே, வால்பாறையை அடுத்த சின்னக்கல்லாறு நாட்டிலேயே மழை மிகுந்த இடங்களுள் ஒன்றாக இருக்கிறது. ஒரு நாள் மாலையில் கொறங்காட்டையும், பொள்ளாச்சியில் தங்கி மறுநாள் காலையில் மலைமேல் காட்டுமாட்டையும் படமெடுக்க விரும்புவோர்க்கான வழிமுறை இது.

முதலில் புரிந்துகொள்ள வேண்டியது கேமராவின் ஒளிக்கணக்கு. எதைக் காட்டினாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறமாகவே எண்ணிக்கொள்ளும் கருவி அது. வெளிறிய மண்ணும் வெள்ளை வானமும் படச்சட்டத்தை நிறைத்தால், வெளிச்சம் அதிகம் என்று கருதி அது படத்தை மங்க வைத்துவிடும். கருத்த காட்டுமாடு சட்டத்தை நிறைத்தால், இருட்டு என்று கருதி வெளுக்க வைத்துவிடும். ஆகவே சமவெளியில் எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் ஒளியின் அளவைச் சற்றே கூட்ட வேண்டும், மலையில் குறைக்க வேண்டும். என் முதல் வால்பாறைப் பயணத்தில் இது தெரியாமல் எடுத்த படங்களில் காட்டுமாடு சாம்பல் பூசிய எருமையைப் போலவும், பின்னாலிருந்த தேயிலைச் செடிகள் சுண்ணாம்பு தெளித்தவை போலவும் இருந்தன.

கொறங்காட்டுக்கு மாலை நாலரை மணிக்கு மேல் செல்வது நல்லது. உச்சி வெயிலில் அந்த நிலம் தட்டையாகத்தான் தெரியும். வெயில் சாய்ந்த பிறகே கொழுக்கட்டைப் புல்லின் தாள்கள் தனித்தனியாக ஒளி வாங்கும், வெள்வேல மரங்களின் நிழல் நீளும். கோடையில் இலையுதிர்த்து நிற்கும் கிளுவை வேலி காட்டின் எல்லை நெடுகிலும் ஓடுவதால், அதைப் படத்தின் ஒரு மூலையிலிருந்து உள்ளே இட்டுச் செல்லும் கோடாகப் பயன்படுத்தலாம். வெறும் வறட்சியை மட்டும் எடுத்தால் கண் நிலைகொள்ளாது. தூரத்தில் மேயும் ஒரு காங்கேயம் மாடோ, குடை விரித்த ஒற்றை மரமோ படத்திற்குள் இருக்கட்டும். எக்ஸ்போஷரை முக்கால் படி வரை (ஒரு படி கூட்டினால் ஒளி இரட்டிக்கும்) கூட்டிவிட்டு, ஒளியின் பரவலைக் கேமரா திரையில் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமில் வானம் வெளுத்துப்போகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வெளுத்தால் வானத்தைச் சட்டத்தில் குறைத்துவிடுவது எளிய வழி. இவை தனியார் மேய்ச்சல் நிலங்கள் என்பதால், உரிமையாளரைக் கேட்காமல் படலைத் திறந்து உள்ளே போகக் கூடாது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று உடுமலைப் பக்கம் புழுதியைக் கிளப்பிக்கொண்டே இருக்கும்; லென்ஸ் மாற்றுவதென்றால் காரின் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு உள்ளே அமர்ந்து மாற்றுங்கள்.

பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை ஏறத்தாழ 64 கிலோமீட்டர். ஆழியாறு தாண்டியதும் 40 கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கும். சோதனைச்சாவடி திறக்கும் நேரத்தையும், அனுமதி நடைமுறைகளையும் முந்தின நாளே கேட்டு வைத்துக்கொண்டால், காலையின் முதல் வண்டிகளில் ஒன்றாக ஏறிவிடலாம். வளைவுகளில் வண்டியை நிறுத்துவது ஆபத்து. காட்சி முனைகளில் மட்டும் நிறுத்துங்கள். ஏசியில் குளிர்ந்த லென்ஸை ஈரக்காற்றில் நீட்டினால் உடனே ஆவி படியும் என்பதால், தேயிலைத் தோட்டங்கள் தொடங்குவதற்குப் பத்து நிமிடம் முன்பே ஏசியை அணைத்துக் கண்ணாடியை இறக்கிவிட வேண்டும்.

காட்டுமாட்டை இங்கிலீஷில் பைசன் என்று அழைத்துப் பழகிவிட்டோம். அமெரிக்கப் பைசன் வேறு விலங்கு, இது நம் வீட்டு மாட்டின் பேரினத்தைச் சேர்ந்தது. சங்கப் பாடல்களில் வரும் ஆமா இதுதான். வளர்ந்த கடா தோளுயரத்தில் ஆறடியை எட்டும், எடை ஒரு டன் வரை போகும். முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் காலுறை மாட்டியது போன்ற நிறம், நுனி கறுத்த வெளிர்மஞ்சள் கொம்பு, கொம்புகளுக்கு நடுவே சாம்பல் நிற மேடு ஆகிய மூன்றும் பளிச்சென்று தெரியும்படி எக்ஸ்போஷரை ஒரு படி குறைத்து வையுங்கள். ரோமத்தின் விவரம் இருட்டில் மறைந்துவிடுமோ என்ற அச்சம் வேண்டாம். கேமரா பதிந்த விவரம் முழுவதையும் சுருக்காமல் வைத்திருக்கும் ரா (RAW) கோப்பாக எடுத்தால் பிறகு மீட்டுக்கொள்ளலாம். மேகமூட்டமான காலை இதற்குக் கொடுப்பினை, ஏனெனில் கடும் வெயிலில் அந்த எண்ணெய் மினுமினுப்புள்ள தோல் திட்டுத்திட்டாக வெளுத்துவிடும்.

வண்டியை விட்டு இறங்கவே கூடாது. நூறு முதல் நானூறு மில்லிமீட்டர் வரையுள்ள ஜூம் லென்ஸ் போதும். ஒரு துணிப்பையில் இரண்டு கிலோ கொள்ளுப் பயறை முக்கால் பங்கு நிரப்பிக் கட்டி, இறக்கிய ஜன்னல் கண்ணாடியின் மேல் வைத்து லென்ஸை அதில் பதித்துக்கொண்டால், எந்த முக்காலியையும் விட உறுதியாக நிற்கும். எஞ்சினை அணைக்க மறந்தால் அதன் அதிர்வு படத்தில் வந்துவிடும். ஷட்டர் வேகம் 1/500 நொடிக்குக் குறைய வேண்டாம்; ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். கைப்பேசி மட்டும் இருப்பவர்கள், நெருங்கிப் போவதற்குப் பதிலாக, தேயிலைச் சரிவும் மூடுபனியும் பெரிதாகவும் மாடு சிறிதாகவும் அமையும்படி எடுங்கள். அதுவே பல நேரம் நல்ல படமாகிறது.

கூட்டமாக மேய்பவை ஓரளவு நிதானமானவை. தனியாக நிற்கும் கடாவிடம்தான் எச்சரிக்கை தேவை. அது உடலைப் பக்கவாட்டில் திருப்பி, முதுகை உயர்த்தித் தன் முழு அகலத்தையும் காட்டினால், அழகான பக்கத்தோற்றம் கிடைத்தது என்று மகிழ்பவர்கள் உண்டு. உண்மையில் அது மிரட்டல். அப்படி ஒரு கடாவை நான் பார்த்துக்கொண்டிருந்தபோது, "ஏனுங்க, ஒத்தையில நிக்குது, போட்டோ போதுமுங்க" என்று சொல்லிவிட்டு ஓட்டுநர் என் பதிலுக்குக் காத்திராமல் வண்டியைப் பின்னால் எடுத்தார். கையிலிருந்த ஐந்து படங்களில் நான்கு ஆட்டம் கண்டிருந்தன. ஐந்தாவதில் கொம்பின் நுனியில் ஒட்டியிருந்த ஈரமண் வரை தெரிந்தது.