காந்த நானோ துகளை டெம்மில் பார்க்கப் போகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

புதுச்சேரி, கடலூர் பக்கம் எம்.எஸ்சி. புராஜெக்ட்டுக்கு மேக்னடைட் (காந்தத் தன்மையுள்ள இரும்பு ஆக்சைடு) துகள் தயாரித்து வெளியூர் லேபுக்கு டெம் (எலெக்ட்ரான் கற்றையைச் சாம்பிளின் ஊடே செலுத்திப் படம் எடுக்கும் மைக்ரோஸ்கோப்) எடுக்க அனுப்புகிறவரா? அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

படத்தில் துகள்கள் சங்கிலியாக ஒட்டியிருந்தால் உடனே "காந்த ஈர்ப்பு" என்று தீசிஸில் எழுதிவிடுகிறார்கள். கிரிட்டில் (சாம்பிளைத் தாங்கும் சின்ன வலைத்தட்டில்) விட்ட சொட்டு காயும்போதே துகள்கள் கூடிக்கொள்ளும், காந்தமே இல்லாத தங்கத் துகளும் அப்படித்தான் குவியும்.

பெரிய கோளாறு மைக்ரோஸ்கோப்புக்குள்ளேயே இருக்கிறது. வழக்கமான டெம்மில் சாம்பிள் உட்காரும் இடத்தில் அப்ஜெக்டிவ் லென்ஸின் (எலெக்ட்ரான் கற்றையைக் குவிக்கும் மின்காந்தத்தின்) காந்தப்புலம் சுமார் 2 டெஸ்லா, மேக்னடைட் துகளை முழுக்க ஒரே திசைக்குத் திருப்ப அதில் பாதிகூட வேண்டாம். அப்புறம் நீங்கள் பார்ப்பது லென்ஸ் திருப்பிவைத்த துகளை, அதன் இயல்பான நிலையை அல்ல. அளவு, படிக அமைப்பு மட்டும் போதும் என்றால் சரி. காந்தம்தான் வேண்டுமென்றால் அந்த லென்ஸை அணைத்துவிட்டுப் பார்க்கும் லோரன்ட்ஸ் மோடு இருக்கிறதா என்று கேட்டுவிட்டு ஸ்லாட் வாங்குங்கள்.

லோரன்ட்ஸ் மோடிலும் ஒரு பொறி உண்டு. ஃபோகஸை விலக்கினால் துகளின் ஓரத்தில் வெள்ளையும் கறுப்புமாகக் கோடு வரும், அது காந்தமில்லாத துகளுக்கும் வரும். எலெக்ட்ரான் ஹாலோகிராபி (எலெக்ட்ரான் அலையின் கட்டம், அதாவது ஃபேஸ், எவ்வளவு மாறியது என்று அளக்கும் முறை) எடுத்தாலும் அந்தக் கட்ட மாற்றத்தில் பொருளின் மின்னழுத்தமும் காந்தமும் கலந்தே வரும், சிறிய துகளில் மின்னழுத்தத்தின் பங்குதான் ஓங்கியிருக்கும். சாம்பிளைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டு இன்னொரு முறை எடுங்கள்: மின்னழுத்தப் பங்கு அப்படியே இருக்கும், காந்தப் பங்கு குறி மாறும், இரண்டையும் கழித்துப் பாதியாக்கினால் காந்தம் தனியாகக் கிடைக்கும். நேரமில்லை என்று பலர் விட்டுவிடுவது இந்த வேலையைத்தான்.

10 நானோமீட்டர் துகளில் எதுவும் தெரியவில்லையா? பதற வேண்டாம். அறை வெப்பத்தில் அதன் காந்தத் திசை மைக்ரோ விநாடிக்குள்ளேயே பலமுறை புரளும், படம் எடுக்கவோ சில விநாடிகள் ஆகும், சராசரி பூஜ்யம்தான். வி.எஸ்.எம்.மில் (மொத்த சாம்பிளின் காந்தத்தன்மையைப் புலம் மாற்றி அளக்கும் கருவியில்) நல்ல வளைகோடு வந்திருந்தால் இரண்டுக்கும் முரண்பாடில்லை.

நிக்கலும் காந்தப் பொருள் என்பதால் நிக்கல் கிரிட் வேண்டாம், கார்பன் பூசிய செம்பு கிரிட் போதும். சரியாக ஒட்டாத பவுடரைப் போட்டால் லென்ஸின் போல்பீஸ் (காந்த முனை) அதை இழுத்துக்கொள்ளும், ஆபரேட்டர் திட்டுவது நியாயம். சரியாகக் கழுவாத சாம்பிளில் உப்புப் படிகம் சதுரம் சதுரமாக நிற்கும், அதைக் "கனசதுர நானோ துகள்" என்று எழுதிவிடாதீர்கள்.

கடைசியாக, நம் ஊர் வெயிலில் பாட்டில் வாரக்கணக்கில் கிடந்து கறுப்புத் திரவம் பழுப்பானால், மேக்னடைட் ஆக்சிஜனேற்றமாகி மேகமைட்டாக (இன்னொரு இரும்பு ஆக்சைடாக) மாறிக்கொண்டிருக்கிறது. இரண்டின் லாட்டிஸ் அளவும் (படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் அலகின் நீளமும்) 8.40, 8.35 ஆங்ஸ்ட்ராம் என்று நெருங்கிக் கிடப்பதால் டிஃப்ராக்ஷன் வளையத்தை மட்டும் பார்த்துப் பெயர் வைக்காதீர்கள், இரும்பின் நிலையைக் காமா கதிரால் பிரித்துக் காட்டும் மாஸ்பாயர் சோதனை எடுத்துப் பாருங்கள்.