டப்ளினியா அருங்காட்சியகம்: முதல் முறை போகிறவர்களுக்கு

அயர்லாந்தின் டப்ளின் நகரத்தில், அந்த ஊரின் பழைய வாழ்க்கையைக் காட்டும் டப்ளினியாவுக்குள் நேராக நுழைந்து, பொம்மைகளோடு நாலு படம் எடுத்துவிட்டு, "குழந்தைகளுக்கான இடம்பா" என்று உதட்டைப் பிதுக்குபவர்கள் உண்டு. உள்ளே இருப்பதில் பெரும்பகுதி மாதிரிகள்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பார்க்கும் வரிசையைக் கொஞ்சம் மாற்றினால் அந்த மாதிரிகளே பேச ஆரம்பிக்கும்.

1. முதலில் தெரு

கிறைஸ்ட் சர்ச் பேராலயத்தை ஒட்டி லிஃபி ஆற்றை நோக்கி இறங்கும் வைன்டேவர்ன் தெருவில் நடங்கள். வலப்பக்கம் மாநகராட்சி அலுவலகம் நிற்கிறதே, அந்த மண்தான் வுட் கீ. 1970களில் இங்கே நடந்த அகழாய்வில் வைக்கிங் (ஸ்காண்டிநேவியாவிலிருந்து வந்த கடலோடிகள்) காலத்து வீடுகள், வேலிகள், தோல் செருப்புகள், சீப்புகள் என ஒரு நகரமே வெளிப்பட்டது. ஈரமும் களிமண்ணும் காற்றுப் புகாமல் காத்ததால் மரமும் தோலும் மக்கவில்லை. இடத்தைக் காப்பாற்றச் சொல்லி 1978இல் சுமார் 20,000 பேர் ஊர்வலம் போனார்கள். ஆனாலும் அலுவலகம் எழுந்துவிட்டது. இதைத் தெரிந்துகொண்டு உள்ளே போவது வேறு அனுபவம்.

2. டிக்கெட்

ஆன்லைனில் நேரம் குறித்து வாங்கிவிடுங்கள். இரண்டு மணி நேரம் ஒதுக்கினால் போதும்.

3. வைக்கிங் பகுதி

பாதி நேரத்தை இங்கேயே செலவிடுங்கள். 841இல் படகுகளோடு வந்து முகாமிட்டவர்கள், பிறகு தச்சர்களாகவும் வியாபாரிகளாகவும் இங்கேயே ஊன்றிவிட்டார்கள். அவர்கள் வீட்டின் மாதிரி ஒன்று இருக்கிறது: விளார் பின்னிய சுவர், நடுவில் அடுப்பு, இரு பக்கமும் திண்ணை மாதிரி மேடை, ஜன்னல் கிடையாது. அந்த வீட்டுக்குள் ஒரு நிமிடம் சும்மா நில்லுங்கள், புகையில் எப்படித்தான் இருந்தார்களோ என்று தோன்றும். கழிப்பறையில் உட்கார்ந்திருக்கும் ஆளைப் பார்த்து எல்லோரும் சிரிப்பார்கள். ஆனால் டப்ளினின் பழைய மலக்குழிகளில் பாசி நிறையக் கிடைத்தது. துடைக்க அதுதான்! அடிமைச் சங்கிலியையும் தவறவிடாதீர்கள். அன்றைய டப்ளின் பெரிய அடிமைச் சந்தை.

4. இடைக்காலம்

1170இல் பிரிட்டனிலிருந்து படையெடுத்து வந்த ஆங்கிலோ-நார்மன்கள் நகரைப் பிடித்ததற்குப் பிந்தைய காலம். சந்தைக் கடைகளை வேகமாகக் கடக்கலாம். 1348இல் வந்த கொள்ளைநோய் பற்றிய பகுதியில் மட்டும் நிதானியுங்கள்.

5. கோபுரம்

டப்ளினியாவோடு சேர்ந்த புனித மைக்கேல் கோபுரத்துக்கு 96 படிகள். முழங்கால் வலி இருந்தால் விட்டுவிடலாம். ஏற முடிந்தால், காலையில் நடந்த தெருவை மேலிருந்து தேடிப் பாருங்கள்.

6. அப்புறம் அசல்

இது முடிந்ததும் கில்டேர் தெருவில் உள்ள தேசிய அருங்காட்சியகத்துக்கு நடந்தே போய்விடலாம். அனுமதி இலவசம். வுட் கீயில் கிடைத்த அசல் பொருட்கள் அங்கேதான் இருக்கின்றன. ஞாயிறு, திங்களில் மதியத்துக்குப் பிறகுதான் திறப்பார்கள், அதனால் அந்த நாட்களில் டப்ளினியாவைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள்.