மூடிய ஆலை வளாகத்தில் நிலத்தடி நீர்க் கண்காணிப்புக் குழாய் இறக்குவது எப்படி?

இராணிப்பேட்டை சிப்காட்டில் இயங்கிய தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் ஆலை 1990-களின் நடுவில் மூடப்பட்டபோது, ஒன்றரை லட்சம் டன்னுக்குக் குறையாத குரோமியக் கழிவு திறந்த வெளியில் குவிந்து கிடந்தது. மழை பெய்யப் பெய்ய அதிலிருந்து குரோமியம்-6 (குரோமியத்தின் நச்சு வடிவம்) கரைந்து நிலத்தடி நீரில் இறங்கியது. குடிநீரில் மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தரம். அந்தப் பக்கத்தில் இதைவிடச் சிறிய பழைய வளாகங்களும் உண்டு. அவற்றில் ஒன்றில் கண்காணிப்புக் குழாய் இறக்கும் வேலையில் நான் இருந்தேன். இந்தத் துறைக்குப் புதிதாக வருபவர்களுக்காக, அங்கே கற்றதை எழுதுகிறேன். மாசு கட்டுப்பாட்டு வாரிய அனுமதி, கையுறை, முகமூடி எல்லாம் தயார் என்று வைத்துக்கொள்கிறேன்.

போர் போடத் தெரிந்தவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். எவ்வளவு தண்ணீர் வருகிறது என்பதுதான் அவர்கள் கணக்கு. நம் கணக்கு வேறு. ஒரு குறிப்பிட்ட ஆழத்துத் தண்ணீர் மட்டும் குழாய்க்குள் வர வேண்டும். மேலே இருக்கும் நச்சு நீர் குழாயின் ஓரமாகக் கசிந்து கீழே போகவே கூடாது. இதை ரிக் வண்டிக்காரரிடம் முதல் நாளே உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

படி 1: இடம் குறிப்பது

கழிவு எங்கே கொட்டப்பட்டது, சாக்கடை எந்தப் பக்கம் ஓடியது என்பதைப் பழைய தொழிலாளர்களிடம் கேளுங்கள். வரைபடத்தில் இல்லாதது அவர்கள் நினைவில் இருக்கும். அப்புறம் சுற்றியுள்ள திறந்த கிணறுகளின் நீர்மட்டத்தை ஒரே நாளில் அளந்தால், தண்ணீர் எந்தப் பக்கம் நகர்கிறது என்று ஓரளவு புரியும். குறைந்தது மூன்று இடம் வேண்டும், முக்கோணமாக. அதில் ஒன்று கழிவுக்கு மேல்பக்கம், அதாவது தண்ணீர் நகர்ந்து வரும் பக்கம், மாசு எட்டாத இடத்தில் இருக்கட்டும். ஒப்பிட்டுப் பார்க்க அது இல்லாவிட்டால் மற்ற முடிவுகளை வைத்து எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது.

இந்த வட்டாரம் கெட்டிப் பாறை நிலம். மேலே மண், அதன் கீழ் சிதைந்த பாறை, அதற்கும் கீழ் வெடிப்புகள் ஓடும் பாறை. எனவே முக்கியமான இடங்களில் இரண்டு துளை தேவை: ஒன்று சிதைந்த பாறை வரை, இன்னொன்று வெடிப்பு வரை. ஒரே துளையில் இரண்டையும் முடித்துவிடலாம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

படி 2: துளை

முதல் ஐந்தடியைக் கையால் தோண்டுங்கள். பழைய ஆலைகளில் கேபிளும் குழாயும் எங்கே புதைந்திருக்கும் என்று தெரியாது. பிறகு வழக்கமான ஆறரை அங்குல, அதாவது 165 மி.மீ. ஹேமர் ரிக் (காற்றழுத்தத்தில் பாறையை அடித்துத் துளைக்கும் வண்டி) போதும். கம்ப்ரசர் காற்றில் எண்ணெய் கலந்து வராதபடி வடிகட்டி போடச் சொல்லுங்கள். நுரை மருந்து வேண்டவே வேண்டாம். மாசு குறைந்த இடத்தில் தொடங்கி மோசமான இடத்தில் முடியுங்கள். இடையில் ராடுகளைக் கழுவுங்கள்.

ஆழத் துளைக்கு ஒரு கட்டாயம் உண்டு. முதலில் பெரிய துளை போட்டு, வெளிக் கேசிங்கை (துளைச் சுவரைத் தாங்கும் குழாயை) கெட்டிப் பாறைக்குள் ஒரு மீட்டராவது இறக்கி, சுற்றிலும் சிமென்ட் பால் ஊற்றி, அது இறுகிய பிறகுதான் உள்ளே 165 மி.மீ. துளையைத் தொடர வேண்டும். இல்லையென்றால் மேலே நிற்கும், குரோமியம் கலந்த மஞ்சள் தண்ணீருக்கு ஆழப் பாறைக்குள் நாமே வழி திறந்துவிட்டதாக ஆகும்.

வெளியே வரும் தூளை ஒவ்வொரு மீட்டருக்கும் தனித்தனியாகத் தார்ப்பாயில் கொட்டி, நிறத்தைக் குறியுங்கள். அதை அங்கேயே விட்டுவிட்டு வராதீர்கள், அதுவும் கழிவுதான்.

படி 3: குழாய்

இரண்டு அங்குல யுபிவிசி, வெளிவிட்டம் 60 மி.மீ., மரை போட்டு இணைப்பது. போர்வெல் குழாய்களுக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 12818 முத்திரை பார்த்து வாங்குங்கள். பசை போட்டு ஒட்டும் குழாய் எனக்குப் பிடிக்காது. பசையிலிருக்கும் கரைப்பான்கள் பிறகு மாதிரியில் தென்படும். தண்ணீர் உள்ளே வருவதற்குக் குழாயில் துளையுள்ள பகுதி மூன்று மீட்டர் போதும், 0.5 மி.மீ. வெட்டு, ஆலையிலேயே வெட்டியது. ஆக்ஸா பிளேடால் வெட்டிய குழாயை ஏற்காதீர்கள். வெட்டு ஒரே அளவில் இருக்காது, மணல் உள்ளே வரும்.

படி 4: மணலும் பென்டோனைட்டும்

எங்கள் வேலை தடைப்பட்டு நின்றது இங்கேதான். அதனால் நிதானமாகச் சொல்கிறேன்.

குழாய்க்கும் துளைச் சுவருக்கும் நடுவே மீட்டருக்குச் சுமார் 18.5 லிட்டர் இடம் இருக்கிறது. இந்த எண்ணை எழுதிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். 1 முதல் 2 மி.மீ. வரை சலித்துக் கழுவிய குவார்ட்ஸ் மணலைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, துளையுள்ள பகுதிக்கு மேல் 60 செ.மீ. வரை நிரப்புங்கள். ஒவ்வொரு வாளிக்கும் நுனியில் எடை கட்டிய டேப்பை இறக்கி அளக்க வேண்டும். 10 லிட்டர் போட்டால் சுமார் 54 செ.மீ. ஏற வேண்டும். அதைவிட மிக அதிகமாக ஏறினால், மணல் பாதியில் அடைத்து நிற்கிறது, கீழே வெற்றிடம் இருக்கிறது என்று அர்த்தம்.

மணலுக்கு மேல் ஒரு மீட்டர் பென்டோனைட், அதாவது தண்ணீர் பட்டால் உப்பி அடைத்துக்கொள்ளும் களிமண். முழு வேலையின் நம்பகத்தன்மையும் இந்த ஒரு மீட்டரில்தான். எர்த்திங் குழிக்கு விற்கும் பென்டோனைட் தூள் எல்லாக் கடையிலும் கிடைக்கும், ஆனால் இதற்கு உதவாது. தண்ணீரில் விழுந்ததும் கட்டிகட்டியாகத் திரண்டு மேலேயே நின்றுவிடும். உருண்டை வாங்குங்கள். அதுவும் ஈரச் சுவரைத் தொட்டதும் உப்பி ஒட்டிக்கொள்ளும். எங்களுக்கு ஆனது அதுதான்: டேப் நீர்மட்டத்துக்குப் பக்கத்திலேயே தட்டி நின்றது. பலன் கொடுத்த வழி இது: ஒரு கைப்பிடிக்கு மேல் ஒரே நேரத்தில் போடாமல், துளையைச் சுற்றிச் சுற்றிப் போடுவது, ஒவ்வொரு முறையும் அளப்பது, ஒல்லியான குழாயால் மெல்லத் தட்டிவிடுவது. மேற்பூச்சு உள்ள உருண்டை மெதுவாக உப்பும். விலை அதிகம், ஆனாலும் ஆழத் துளைக்கு அதையே வாங்குவேன்.

உருண்டை நீர்மட்டத்துக்கு மேல் அமைந்தால் நல்ல தண்ணீர் ஊற்றி ஊறவிடுங்கள். பிறகு 50 கிலோ மூட்டைக்குச் சுமார் 25 லிட்டர் தண்ணீர் கலந்த சிமென்ட் பாலை, அடியிலிருந்து மேலாக, சிறு குழாய் வழியாக நிரப்புங்கள். பென்டோனைட் ஊறாமல் அவசரப்பட்டால் சிமென்ட் மணலுக்குள் இறங்கிவிடும்.

இறங்கியதா என்று எப்படித் தெரியும்? பொதுவாகத் தண்ணீரின் பிஹெச் (அமில-காரத்தன்மை அளவு) 10-ஐத் தாண்டினால் சிமென்ட்டைச் சந்தேகிப்பார்கள். குரோமேட் வளாகத்தில் அது மட்டும் போதாது. அந்தக் கழிவே கடுமையான காரத்தன்மை கொண்டது. பிஹெச் அதனாலும் ஏறும். எனவே மேல்பக்கக் குழாயைப் பாருங்கள். அங்கும் ஏறியிருந்தால் கோளாறு சிமென்ட்டில்தான்.

படி 5: சுத்தம் செய்து அளப்பது

சிமென்ட் இறுக ஒரு நாளாவது விட்டு, தண்ணீர் தெளியும் வரை இறையுங்கள். மொத்தக் குரோமியம் பார்க்க, கலங்கலான மாதிரியில் அமிலம் சேர்த்தால் மண்ணில் ஒட்டியிருக்கும் குரோமியமும் கரைந்து முடிவை ஏற்றிவிடும். இறைத்த நீரைப் பீப்பாயில் பிடியுங்கள், தரையில் விடாதீர்கள்.

குழாய் வாயில் ஒரு குறி வெட்டி, ஆட்டோ லெவல் (உயர வேறுபாடு அளக்கும் சர்வே கருவி) வைத்து மி.மீ. கணக்கில் உயரம் எடுக்க வேண்டும். கைப்பேசி ஜிபிஎஸ் உயரத்துக்கு உதவாது. குழாய்களுக்கு இடையே நீர்மட்ட வேறுபாடு சில செ.மீ. மட்டுமே இருக்கலாம்.

குரோமியம்-6 மாதிரியை 0.45 மைக்ரான் வடிகட்டியில் வடித்து, அமிலம் சேர்க்காமல், ஐஸ் பெட்டியில் வைத்து 24 மணி நேரத்துக்குள் சோதனை முடியும்படி ஆய்வகத்தில் சேர்த்துவிடுங்கள்.

பின்சேர்க்கை

இதைப் படித்த சிலர், "ஏற்கெனவே இருக்கும் போர்வெல்லிலேயே மாதிரி எடுத்தால் என்ன?" என்று கேட்டார்கள். விவசாய போர்வெல்லில் கேசிங் மேல்பகுதிக்கு மட்டும்தான். அதன் கீழ் பல வெடிப்புகளின் நீரும் ஒன்றாகக் கலக்கும். மாசுள்ள ஒரு வெடிப்பு, நல்ல நீரில் கலந்து மறைந்துவிடலாம். அந்தத் தண்ணீரைக் குடிக்கும் குடும்பத்துக்காக அதைச் சோதியுங்கள், கட்டாயம் சோதியுங்கள். மாசு எங்கே நகர்கிறது என்று அறிய அது போதாது.

இன்னொருவர் தன் தளத்தில் ஐப்பசி மழையில் குழாய் வாய் மூழ்கிவிட்டதாக எழுதினார். தரைக்கு மேல் இரண்டரை அடியாவது குழாயை நிறுத்தி, பூட்டுள்ள இரும்பு மூடி போட்டு, சுற்றிலும் வெளிச்சரிவாகக் கான்கிரீட் மேடை கட்டுங்கள். ஏற்கெனவே மூழ்கியது என்றால், மீண்டும் நன்றாக இறைத்துச் சுத்தம் செய்யும் வரை அந்தக் குழாயின் முடிவுகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.