சிங்கப்பூர்ல ஆப்பிள் செடி வச்சிருக்கீங்களா? இலைய உருவி விடுங்க

ஆப்பிள் செடி நல்லா பச்சையா நிக்குது ஆனா பூவே வரலன்னு கேக்குறவங்களுக்கு இது. சாதாரண ஆப்பிளுக்கு 7 டிகிரிக்குக் கீழ ஏறக்குறைய 800லருந்து 1000 மணி நேரம் குளிர் வேணும், அப்பத்தான் தூங்கி எந்திரிச்சு மொட்டு விடும். நமக்கு ராத்திரியே 25 டிகிரி, எங்கேருந்து குளிர் வரும்?

அதனால விதை போட்டு காத்திருக்காதீங்க, அன்னா, டார்செட் கோல்டன் மாதிரி குளிர் கம்மியா கேக்குற ரகத்துல ஒட்டுக்கன்னு வாங்குங்க, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வைங்க, அன்னா தனியா நின்னா சரியா காய்க்காது.

முக்கியமான வேலை இதுதான். இந்தோனேசியால பாத்து (Batu), மலாங்ங்கிற ஊர்கள் பக்கம் அறுவடை முடிஞ்சதும் இலை மொத்தத்தையும் கையாலயே உருவிடுவாங்க, மரம் தூங்கப் போகாமலே புது மொட்டு விட்டு வருஷத்துக்கு ரெண்டு தடவ காய்க்குது. அது மலை, நம்மள விட குளிர்ச்சி, அதனால அதே அளவு இங்க எதிர்பாக்காதீங்க, ஆனா முறை அதேதான். இலை நல்லா முத்தி கரும்பச்சையானதும் உருவுங்க, காம்படியில இருக்குற குட்டி மொட்டு மட்டும் பிஞ்சிடக்கூடாது. நேரா நிக்கிற கிளைய கயிறு கட்டி படுக்க வைங்க, பூமொட்டு அதிகமாகும்.

காரிடார்ல வைக்கிறவங்க அரைநாள் வெயிலாவது விழுற இடமா பாருங்க. தொட்டி தட்டுல தண்ணி தேங்கவே விடாதீங்க, டெங்கி கொசு வந்துடும்.